மலையிறக்கத்தில் பிரேக் ஏன் கைவிடுகிறது?

நுவரெலியாவிலிருந்து லபுக்கலை, இறம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கும் ஏ5 வீதியில், விடுமுறைக் காலத்தில் ஓரமாக நிற்கும் வாகனங்கள் எல்லாமே நீர்வீழ்ச்சியைப் பார்ப்பதற்காக நிற்பவை அல்ல. சிலவற்றின் முன்சில்லுகளிலிருந்து மெல்லிய புகை எழும். பிசின் கருகியது போன்ற நெடி அந்த வளைவு முழுவதும் பரவியிருக்கும். சாரதி தண்ணீர்ப் போத்தலைச் சில்லின் மேல் கவிழ்த்துக்கொண்டிருப்பார். பெரும்பாலும் அது தாழ்நிலத்திலிருந்து வந்த வண்டியாக இருக்கும். நேற்றுவரை பிரேக் நன்றாகவே பிடித்தது என்று அவர் சத்தியம் செய்வார். அவர் சொல்வது உண்மைதான். சில்லைப் பிடித்து நிறுத்தும் உராய்வுக் கட்டையான பேட் தேயவில்லை, குழாய் கசியவில்லை. ஆனாலும் பெடல் பஞ்சு போல உள்ளே போகிறது. இந்தக் கோளாறுக்குப் பெயர் வெப்பம்.

பிரேக் ஓடும் வண்டியின் சக்தியை அழிப்பதில்லை. உராய்வின் மூலம் அதை வெப்பமாக மாற்றுகிறது, அவ்வளவுதான். அந்த வெப்பத்தின் அளவை ஒரு சிறிய கணக்கினால் அறியலாம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது; கம்பளை 500 மீற்றருக்குச் சற்றுக் கீழே. ஆட்களும் பயணப் பைகளும் ஏறிய ஒரு சிறிய காரின் மொத்த நிறையை 1,400 கிலோகிராம் என்று வைத்துக்கொண்டால், இடையில் வரும் ஏற்றங்களை விட்டுவிட்டுப் பார்த்தாலும், ஏறத்தாழ 1,400 மீற்றர் உயரத்தை இழக்கும்போது அந்தக் கார் 19 மெகாயூலுக்கு மேற்பட்ட சக்தியை எங்காவது கொட்டித் தீர்க்க வேண்டியிருக்கிறது. மின்பட்டியலின் கணக்கில் இது 5 அலகுக்கு, அதாவது 5 கிலோவாற்று மணிக்கு, மேல். 57 லீற்றர் தண்ணீரை 20 பாகையிலிருந்து கொதிக்கவைக்கப் போதுமானது. அதே கார் மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடி ஒருமுறை முற்றாக நிற்கும்போது வெளிப்படும் சக்தியைப் போல இது ஏறத்தாழ 100 மடங்கு. கொழும்பு நகரத்திலும் ஒரு நாளில் அத்தனை தடவை நிற்க நேரலாம். ஆனால் அங்கே ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் இடையில் பிரேக்குக்கு ஆறுவதற்கு நேரம் கிடைக்கிறது. மலையிறக்கம் அந்த இடைவெளியைத் தருவதில்லை.

வெப்பம் சேரும் வேகமும் முக்கியமானது. 100 மீற்றருக்கு 6 மீற்றர் இறங்கும் சரிவில் மணிக்கு 36 கிலோமீற்றர் என்ற நிதானமான வேகத்தில் போனால், கார் ஒவ்வொரு செக்கனும் 60 சென்ரிமீற்றர் உயரத்தை இழக்கிறது. அதன் வலு 8 கிலோவாற்றுக்குச் சற்று மேல். டயர்கள் உருளும் தடையும் காற்றின் தடையும் ஏறத்தாழ 2 கிலோவாற்றை எடுத்துக்கொள்ள, மிச்சம் 6 கிலோவாற்று. அதை முழுவதும் பிரேக்கிடம் ஒப்படைத்தால், அதில் பெரும்பங்கு, முக்கால் பங்கு என்று கொள்ளலாம், முன்சில்லுகளோடு சுழலும், பேட் கவ்விப் பிடிக்கும் தட்டுகளான இரண்டு டிஸ்குகளுக்குப் போகும். சிறிய கார் ஒன்றில் அவை இரண்டும் சேர்ந்து 10 கிலோகிராம் அளவிலான வார்ப்பிரும்பு. அந்த இரும்பு காற்றால் சிறிதும் ஆறவில்லை என்றால் அதன் வெப்பநிலை நிமிடத்துக்கு ஏறத்தாழ 60 பாகை வீதம் உயரும். உண்மையில் ஓரளவு ஆறத்தான் செய்யும். ஆனால் வளைவுக்கு வளைவு மெதுவாக ஊரும் வண்டியின் சில்லுக்குள் காற்று வேகமாக நுழைவதில்லை. ஐந்தாறு நிமிடம் பெடலில் காலை வைத்தபடியே இறங்கிய வண்டியின் டிஸ்க், கையை அருகில் கொண்டுபோக முடியாத அளவுக்குச் சுட்டுக் கிடப்பதும், பிறகு அதன் விளிம்பில் நீலம் பாய்ந்திருப்பதும் இதனால்தான்.

சூடேறிய பிரேக் ஒரே விதமாகத் தோற்பதில்லை. முதலாவதாக, பேட்டைக் கட்டிப் பிடித்திருக்கும் பிசின் அளவுக்கு மீறிய சூட்டில் சிதைந்து வாயுவை வெளிவிடுகிறது. பேட்டும் டிஸ்கும் தொடும் இடத்தில் உராய்வு குறைகிறது. அப்போது பெடல் கல்லைப் போல இறுகியிருக்கும், ஆனால் வண்டி பிடிக்காது. டிஸ்குக்குப் பதிலாக, சுழலும் டிரம்மின் உட்புறத்தில் லைனர் உரசி நிறுத்தும் டிரம் பிரேக்கில் வேறொரு சிக்கலும் சேர்கிறது: டிரம் சூட்டில் விரிந்து லைனரிடமிருந்து விலகிப் போவதால், பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்க வேண்டியிருக்கிறது. முச்சக்கர வண்டிகளிலும் பாரமான பழைய வண்டிகளிலும் சாரதிகள் பெடலை அடித்து அடித்து மிதிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது வகைதான் கொடியது. பெடலின் அழுத்தத்தைச் சில்லுக்குக் கொண்டுசெல்லும் பிரேக் ஒயில் கொதித்துவிடுகிறது. திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது; அதனால்தான் காலின் விசை குழாய் வழியாக அப்படியே சில்லைச் சென்றடைகிறது. ஆனால் கொதித்த ஒயிலில் உண்டாகும் ஆவிக் குமிழி சுருங்கும். பெடலை மிதித்தால் குமிழி சுருங்குமே தவிர, பேட் நகராது. பெடல் தரையைத் தொட்டுவிடும். இதில் எச்சரிக்கைக்கான அவகாசம் மிகவும் குறைவு. சில சமயம், ஒரு வளைவில் நன்றாகப் பிடித்த பிரேக், நிறுத்தி இரண்டு நிமிடம் கழித்துப் புறப்பட்டதும் அடுத்த வளைவில் பிடிக்காமல் போகும். ஏனென்றால் வண்டி நின்றவுடன் காற்றோட்டம் நிற்க, டிஸ்கின் சூடு பேட்டின் வழியாக, அதை அழுத்தும் கலிப்பருக்குள் ஊடுருவி, அதுவரை கொதிக்காத ஒயிலைக் கொதிக்கவைக்கிறது.

சாதாரணப் பிரேக் ஒயில் ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டொட் 3 வகை ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ்வரை கொதிக்கக் கூடாது என்பது தர விதி, 3.7 சதவீதம் நீர் கலந்த பின் அந்த எல்லை 140 பாகைக்கு இறங்கிவிடுகிறது. டொட் 4 வகைக்கு இந்த எண்கள் 230, 155. காற்றிலுள்ள ஈரம் ரப்பர்க் குழாய்களின் சுவர் வழியாகவும் ஒயில் தாங்கியின் மூடி வழியாகவும் மெல்ல மெல்ல உள்ளே போகிறது. ஆகவேதான் பல தயாரிப்பாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும், ஒயிலை முழுமையாக மாற்றச் சொல்கிறார்கள். தாங்கியில் அளவு குறையும்போது மேலே ஊற்றி நிரப்புவது மாற்றுவதாகாது. சில்லுக்கு அருகில், சூடு அதிகமாகப் படும் இடத்தில், பழைய ஒயில் அப்படியே கிடக்கும். புதிய ஒயில் பெரும்பாலும் வெளிர் மஞ்சளாக இருக்கும். பல ஆண்டுகள் மாற்றாதது பிளேன்டீயின் நிறத்துக்கு வந்துவிடும். நிறத்தைக் கொண்டு மட்டும் நீரின் அளவைச் சொல்லிவிட முடியாது என்றாலும், பிளேன்டீ நிறத்தில் இருப்பதை வைத்துக்கொண்டு மலையிறங்குவதற்கு நான் துணிய மாட்டேன்.

நம் நாட்டில் இந்த விடயம் கூடுதலாகக் கவனிக்கத்தக்கது. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் பயன்பாட்டுக்கான கார்களுக்கு 2025இன் தொடக்கத்தில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் வீதியில் இருந்த வண்டிகளுக்கு வயது கூடிக்கொண்டே போனது. ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் எடுப்பதற்கு நாம் செய்விக்கும் பரிசோதனை புகையை அளக்கிறது. பிரேக் ஒயிலின் கொதிநிலையை அது அளப்பதில்லை. பரிசோதனை முடிந்துவிட்டது என்ற நிம்மதியில் மறந்துபோகும் பொருட்களில் இது முதலாவது.

இனி, அந்த 6 கிலோவாற்றைப் பிரேக்கிடம் கொடுக்காமல் வேறு யாரிடம் கொடுப்பது என்று பார்க்கலாம். பதில் எஞ்சின். அக்சிலரேற்றரிலிருந்து காலை எடுத்ததும் பெற்றோல் எஞ்சினின் காற்று வழியை ஒரு தகட்டு வால்வு ஏறத்தாழ முழுவதுமாக மூடிவிடுகிறது. ஆனால் கியரில் இருக்கும் வண்டி, சில்லுகளின் வழியாக எஞ்சினைச் சுழற்றிக்கொண்டே இருக்கிறது. பிஸ்டன்கள் மூடிய வாசலுக்கு எதிராகக் காற்றை உறிஞ்ச முயன்று வெற்றிடத்தை உருவாக்குகின்றன. அந்த உழைப்பும், எஞ்சினுக்குள் எண்ணற்ற இடங்களில் நிகழும் உராய்வும் சேர்ந்து வண்டியைப் பின்னிழுக்கின்றன. எஞ்சின் வேகமாகச் சுற்றினால் இழுப்பும் கூடும் என்பதால்தான் கியரைக் குறைக்கச் சொல்கிறார்கள். 1,500 சிசி எஞ்சின் ஒன்று இரண்டாம் கியரில் நிமிடத்துக்கு 3,000 சுற்றை நெருங்கும்போது, மேலே சொன்ன சரிவில் வேகத்தைப் பிரேக்கின் உதவி அதிகமின்றிப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெப்பம் இங்கேயும் உண்டாகிறது. ஆனால் அதை வெளியேற்றுவதற்கென்றே தண்ணீர், ரேடியேற்றர், விசிறி, ஒயில் என்று ஒரு முழு ஏற்பாடு எஞ்சினுக்கு இருக்கிறது. பத்துக் கிலோ இரும்புக்கு அப்படி எதுவும் இல்லை.

இரைச்சலைக் கேட்டு எஞ்சின் கெட்டுவிடும் என்று அஞ்சுபவர்கள் பலர். சுற்றுமானியின் முள் சிவப்புக் கோட்டுக்கு வெகு கீழே இருக்கும்வரை அந்த அச்சத்துக்கு இடமில்லை. எஞ்சின் அப்போது எரிபொருளே இல்லாமல் சுழன்றுகொண்டிருக்கிறது. இன்ஜெக்டர் பொருத்திய பெரும்பாலான கார்களில், கியரில் இருக்க, அக்சிலரேற்றரை விட்டுவிட்டு இறங்கும்போது கணினி பெற்றோலைத் துண்டித்துவிடும். நியூட்ரலில் விட்டால்தான் எஞ்சின் தன் சொந்த ஓட்டத்துக்காகப் பெற்றோலை எரிக்க வேண்டிவரும். ஆகவே பெற்றோலை மிச்சம் பிடிப்பதற்காக நியூட்ரலில் உருட்டுவது, இரண்டு வகையிலும் நட்டமான வேலை. சுவிட்சையே அணைத்துவிட்டு உருட்டுவதோ அதைவிட மோசம்: பிரேக்கை இலேசாக்கித் தரும் பூஸ்டரில் எஞ்சிய வெற்றிடம் இரண்டு மூன்று மிதிப்புக்குத்தான் போதும், பிறகு பெடல் இறுகிவிடும், ஸ்டியரிங்கும் கனத்துவிடும்.

“ஏறின கியரிலேயே இறங்கு” என்பது மலைநாட்டு லொறிச் சாரதிகளிடம் நெடுங்காலமாக வழங்கும் விதி. அக்காலத்து வண்டிகளின் எஞ்சின் வலுக் குறைந்தது. ஏற்றத்தில் தாமாகவே கியரைக் குறைக்க வேண்டியிருந்தது, ஆகவே கணக்குச் சரியாக இருந்தது. இன்றைய டர்போ கார் மூன்றாம் கியரில் பதறாமல் ஏறிவிடும். அதே மூன்றாம் கியர் இறக்கத்தில் போதுமான இழுப்பைத் தராது. 660 சிசி சிறு கார்களிலும் எஞ்சின் சிறியது என்பதால் இழுப்பும் குறைவு. எனவே இப்போது அந்த விதியை, ஏறிய கியரிலிருந்து இன்னும் ஒன்று குறைத்து என்று திருத்திக்கொள்வது நல்லது. கியரை மாற்ற வேண்டியது இறக்கம் தொடங்குவதற்கு முன்பு. வேகம் பிடித்த பின் ஈரமான வளைவில் திடீரென்று குறைத்தால், பின்சில்லு இழுக்கும் வேன்களில் பின்புறம் வழுக்கக்கூடும்.

தானியங்கிக் கியர் வண்டி வைத்திருப்போர் ‘டி’யில் போட்டபடியே இறங்குவதைத்தான் அதிகம் காண்கிறோம். லீவரில் ‘எல்’ (L), ‘எஸ்’ (S), ‘பி’ (B), ‘2’ என்று எது எழுதியிருந்தாலும், அதன் முக்கிய வேலைகளில் ஒன்று இத்தகைய இறக்கம்தான்.

ஹைபிரிட் கார்களின் கதை சுவையானது. டொயோட்டா அக்குவா, பிரியஸ் போன்றவை இறக்கத்தில் மோட்டாரை மின்பிறப்பாக்கியாக மாற்றி, உயரத்தின் சக்தியை பெற்றரியில் சேர்க்கின்றன. ஆனால் முதல் தலைமுறை அக்குவாவின் பெற்றரி முழுக் கொள்ளளவில் 1 கிலோவாற்று மணிக்கும் சற்றுக் குறைவானது. அதிலும் ஒரு பகுதியையே கணினி பயன்படுத்த விடுகிறது. மலையோ 5க்கு மேல் கொடுக்கிறது. ஆகவே இறம்பொடைக்கு வெகு முன்பே திரையில் பெற்றரியின் கட்டங்கள் நிரம்பிவிடும். அதன் பின் ‘பி’யில் (B) போட்டால், கார் எரிபொருளில்லாமல் எஞ்சினைச் சுழற்றி மிகுதிச் சக்தியைச் செலவழிக்கும், எஞ்சின் திடீரென இரைவது கோளாறல்ல, அது செய்ய வேண்டிய வேலை. இதில் மறைந்திருக்கும் ஆபத்து வேறு. பெற்றரி நிரம்பியதும் மோட்டார் செய்துவந்த பிரேக் வேலை பேட்டுக்கு மாறுகிறது. பெடலின் உணர்வை மின்னணுவியல் ஒரே மாதிரியாக வைத்திருப்பதால், கால் அந்த மாற்றத்தை அறிவதே இல்லை. சமதரையில் பெற்றரியை நிரப்புவதற்காக ‘பி’யில் ஓட்டுவோர் உண்டு, அது பயனற்றது. நிஸான் லீஃப் போன்ற முழு மின்கார் வைத்திருப்போர் மேலே 100 சதவீதம் சார்ஜ் செய்துவிட்டு இறங்கக் கூடாது. இறக்கம் தரும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ள இடம் இருக்காது. 80 சதவீதத்தில் நிறுத்திக்கொள்வது போதும்.

டீசல் எஞ்சினில் அந்தத் தகட்டு வால்வு வழக்கமாகக் காற்றை அடைப்பதில்லை. அழுத்திய காற்று மீண்டும் விரியும்போது சக்தியைத் திருப்பிக் கொடுத்துவிடுவதால் இழுப்புக் குறைவு. லொறிகளிலும் பஸ்களிலும் புகைபோக்கி வழியை மறித்துப் பிஸ்டனுக்கு எதிர்ப்பைக் கூட்டும் எக்ஸோஸ்ட் பிரேக் பொருத்தப்படுவது இதற்காகவே. காற்றுப் பிரேக் உள்ள வண்டியில் பெடலை ஓயாமல் அடித்தால், கம்பிரசர் நிரப்புவதைவிட வேகமாகத் தாங்கியின் காற்றுத் தீர்ந்துவிடும்.

பிரேக்கை இலேசாகப் பிடித்துக்கொண்டே வருவதா, விட்டு விட்டு உறுதியாக மிதிப்பதா என்ற வாதம் ஓய்வதில்லை. இரண்டிலும் இழக்கும் உயரம் ஒன்றே, ஆகவே கொட்ட வேண்டிய சக்தியும் ஏறத்தாழ ஒன்றே. கியர் சரியாக இருந்தால், விட்டு விட்டு மிதிப்பது கட்டுப்பாட்டைக் கொடுக்கும். கியர் தவறாக இருந்தால் எந்த மிதிப்பும் உதவாது.

நெடி வந்துவிட்டால், கியரைக் குறைத்து, அகலமான ஓர் இடத்தில் நிறுத்துங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம்: சூடான வார்ப்பிரும்பின் ஒரு பக்கம் மட்டும் திடீரெனக் குளிர்ந்தால் டிஸ்க் நெளியலாம், விரிசல் விடவும் செய்யலாம். பெடலை அழுத்திப் பிடித்தபடி நிற்பதும் கூடாது. பேட்டின் பொருள் டிஸ்கில் ஒட்டி, பிறகு ஒவ்வொரு மிதிப்புக்கும் பெடல் துடிக்கும். சில்லுக்குக் கல் வைத்து, முதலாம் கியரிலோ ‘பி’ (P) என்ற பார்க் நிலையிலோ விட்டுவிட்டு, அரை மணி நேரமாவது ஆற விட வேண்டும். புறப்படும் முன் நின்ற இடத்திலேயே பெடலை மிதித்துப் பார்க்க வேண்டும். அது இன்னும் பஞ்சு போல இறங்கினால் வண்டியை அங்கிருந்து எடுக்காமல் கராஜுக்குத் தொலைபேசியில் அழைப்பதே தகும். இறுகி நின்றாலும், ஊர் திரும்பியதும் ஒயிலை மாற்றிவிட வேண்டும். ஒருமுறை கொதித்த ஒயில் அடுத்த இறக்கத்திலும் அதே சூட்டில்தான் கொதிக்கும்.