எம்.பி.யின் இணையத்தளம் லயத்துக்கு வந்து சேரும் வழி

இலங்கைப் பாராளுமன்றத்தில் 225 உறுப்பினர்கள். சபையில் அவர்கள் பேசுவது, பேசிய மொழியிலேயே சபை நடவடிக்கைப் பதிவேடான ஹன்சார்ட்டில் ஏறிவிடுகிறது. ஆனால் மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், 7 பேர்ச் காணிக்கு உறுதி (உரிமைப் பத்திரம்) எப்போது வரும் என்று காத்திருப்பவர் ஹன்சார்ட்டைப் புரட்டமாட்டார். போனை எடுத்துத் தோட்டத்தின் பெயரையும் ‘காணி உறுதி’ என்பதையும் தட்டுவார். அப்போது அவருடைய எம்.பி.யின் இணையத்தளம் முன்னே வருமா?

தட்டிய பிறகு தேடுபொறி உலகத்தையெல்லாம் துழாவுவதில்லை. அதன் நிரல்கள் முன்கூட்டியே இணைப்புகளைப் பிடித்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் போய், எந்தச் சொல் எங்கே இருக்கிறது என்று அடைவு தயாரித்து வைத்திருக்கும், புத்தகத்தின் கடைசியில் வரும் சொல்லடைவு மாதிரி. அடைவில் ஏறாத பக்கம் தேடுபவர் கண்ணில் படாது.

தமிழுக்குச் சிக்கல் இங்கேதான். எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யூனிகோட் முறையில் ‘ம’வுக்கென்று தனி எண் உண்டு, எந்தப் போனிலும் அது ‘ம’தான். இலங்கையிலோ நெடுங்காலம் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து பழகினோம். பாமினியில் ‘அம்மா’ என்று திரையில் தெரிவது கணினிக்குள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் கிடக்கும். எழுத்துரு அதன்மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டுகிறது. அதை மாற்றாமல் தளத்தில் ஒட்டினால் அடைவில் தமிழ்ச் சொல் ஒன்றுகூட ஏறாது. அமைச்சுக்கு எழுதிய கடிதத்தைப் படம் பிடித்துப் போடுவது இன்னொரு வழக்கம். படத்திலுள்ள எழுத்தை மென்பொருள் ஊகித்துப் படிக்கலாம். முத்திரையும் கையொப்பமும் மேலே விழுந்த வரிகளில் அதை நம்ப முடியாது.

எடையும் கூடிவிடும். யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். ‘கடிதம்’ என்பது க, ட, இகரக் குறி, த, ம, புள்ளி என 6 குறிகள், ஆக 18 பைட். 2,000 குறிகள் கொண்ட கடிதம் 6 கிலோபைட்டில் முடிந்துவிடும். அதன் படம் 3 மெகாபைட் என்றால் 500 மடங்கு. மலை மறைத்துச் சிக்னல் தேய்ந்த லயத்தில், ரீலோட் போட்ட டேட்டாவில், இந்த வித்தியாசம் பெரியது.

அடுத்தது பெயர். மலையகத்தில் பல தோட்டங்களுக்கு இரண்டு பெயர்கள்: ஆவணங்களில் ஆங்கிலப் பெயர், மக்கள் வாயில் வேறொரு தமிழ்ப் பெயர். நுவரெலியாவையே நுவரேலியா என்றும் எழுதுகிறோம். எம்.பி.யின் அலுவலகத்தில் எழுதுபவர் இரண்டு பெயரையும் ஒரு தடவையாவது சேர்த்துவிட்டால், எதைத் தட்டினாலும் பக்கம் கிடைக்க வழி உண்டு. செலவே இல்லாத வேலை இது.

எனக்கு அதிகம் உறுத்துவது, மக்கள் திருப்பி எழுதுவதற்கான படிவம். ஆயத்தமாகக் கிடைக்கும் படிவங்களில் வீட்டு இலக்கமும் வீதியும் கட்டாயக் கட்டங்களாக இருக்கும். அவை வெறுமையாக இருந்தால் உலாவியே தடுத்துவிடும். செய்தி போனை விட்டு வெளியேறாது. ஒருவர் எழுத முயன்றதே அலுவலகத்துக்குத் தெரியாது. லயத்தில் வீதிப் பெயருக்கு எங்கே போவது? கடிதமே தோட்ட அலுவலகத்துக்கு வந்துதானே பல இடங்களில் கைக்குக் கிடைக்கிறது. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, வாக்குரிமையைத் திரும்பப் பெறப் பல பத்தாண்டுகள் காத்திருந்த மக்களை ஒரு முகவரிக் கட்டம் வாசலில் நிறுத்துவதை என்னால் சின்னக் குறையாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. தோட்டம், டிவிசன் (தோட்டத்தின் பிரிவு), போன் இலக்கம் ஆகிய மூன்றே போதும். அனுப்பியதும் ஒரு பதிவு இலக்கம் திரும்பி வரவேண்டும். பிறகு அதைச் சொல்லிக் கேட்கலாம்.

பாராளுமன்றத்தின் தளம் நிறுவனத்துடையது, சொந்தத் தளம் உறுப்பினருடையது. தளப் பெயரைக் கட்டணம் கட்டிக் குறிப்பிட்ட காலத்துக்குத்தான் பதிகிறார்கள். தேர்தலில் தோற்றவர் புதுப்பிக்காமல் விட்டால், தளப் பெயரைச் சேவையகத்தோடு இணைத்துக் காட்டும் டிஎன்எஸ் அந்தப் பெயருக்குரிய சேவையகத்தைக் காட்டாது; வாக்குறுதியும் பதிலும் எட்டாமல் போய்விடும். இன்டர்நெட் ஆர்கைவ் 1996 முதல் இணையப் பக்கங்களைப் பிரதி எடுத்து வைக்கிறது. அதன் வேபேக் மெஷினில் முகவரியைக் கொடுத்து எவரும் ஒரு பக்கத்தைச் சேமிக்கலாம். காணி பற்றி எம்.பி. எழுதிய பக்கத்தை அது இருக்கும்போதே அப்படிச் சேமித்து, பிரதியின் முகவரியைத் தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவையுங்கள்.