எழுந்ததும் தள்ளாடுவது காலின் குற்றமா?

பார்க்கின்சன் நோய் என்றால் கை நடுங்கும், நடை சுருங்கும் என்பது பலருக்கும் தெரியும். வீட்டாரை அதிகம் கலங்கவைப்பது விழுதல்தான். தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கத்துக் கிராமங்களில், விழுந்தவரைப் பார்க்க வருகிறவர்கள் "காலில் பலமில்லை" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். மறுநாள் ஒரு டானிக் பாட்டில் வந்து சேரும். நாடியை எண்ணிப் பார்க்க மட்டும் யாருக்கும் தோன்றாது.

நாம் எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்குக் குறையாத ரத்தம் கால்களுக்கும் வயிற்றுப் பகுதிக்கும் இறங்கிவிடுகிறது. கழுத்துத் தமனிகளிலும் இதயத்தை ஒட்டிய பெருந்தமனி வளைவிலும் உள்ள நரம்பு முனைகள் அழுத்தம் குறைந்ததை உடனே உணர்ந்து மூளையின் அடிப்பகுதியான முகுளத்துக்குத் தெரிவிக்கின்றன. இதயத்தை அடக்கிவைத்திருக்கும் வேகஸ் நரம்பின் பிடியை முகுளம் தளர்த்துகிறது. இதயத்தை விரட்டும் பரிவு நரம்புகளை முடுக்குகிறது. அவற்றின் நுனியில் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருள் சுரக்க, இதயம் வேகமெடுக்கிறது, ரத்தக் குழாய்கள் இறுகுகின்றன. எல்லாம் சில விநாடிகளில் முடிந்துவிடும்.

ஆற்றில் தண்ணீர் குறைந்தால் பாசன ஊழியரான லஸ்கர் வந்து மேல்மடை ஷட்டர்களை இறக்கினால்தான் கடைமடை வயலுக்குத் தண்ணீர் எட்டும். நிற்கிற மனிதனுக்கு மூளைதான் கடைமடை.

லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் இந்நோயை விவரித்தபோது நடுக்கமும் நடையுமே முன்னால் நின்றன. மூளையில் டோபமின் சுரக்கும் செல்கள் அழிவதே அவற்றுக்குக் காரணம் என்பது பின்னால் தெரிந்தது. ஆனால் ஆல்பா சைனூக்ளின் என்ற புரதம் திரண்டு படிவது மூளையோடு நிற்பதில்லை. இதயத்துக்கு வரும் பரிவு நரம்பு நுனிகளிலும் படிகிறது. அந்த நுனிகள் உதிர்ந்துபோகின்றன. முகுளம் கட்டளையிட்டாலும் அதை நிறைவேற்றப் போதிய நார்அட்ரினலின் இருப்பதில்லை. பார்க்கின்சன் உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு நிற்கும்போது ரத்த அழுத்தம் இப்படிச் சரிகிறது.

மதியச் சாப்பாட்டு வேளையைக் கவனியுங்கள். பெரியவர் தரையில் சம்மணமிட்டு இலை நிறையச் சாப்பிட்டிருப்பார். செரிமானத்துக்காகக் குடலுக்கு ரத்தம் திரும்பியிருக்கும். சித்திரை வெயிலில் தோலின் ரத்தக் குழாய்களும் விரிந்திருக்கும். கை கழுவ எழுந்து கொல்லைப்புறம் நாலடி வைப்பதற்குள் கண் இருட்டும், பிடரியும் தோள்பட்டையும் வலிக்கும், சுவரைத் தேடிக் கை நீளும். திரும்பும்போதோ வாசற்படியில் கால் ஒட்டிக்கொண்டோ விழுவது வேறு வகை. அது கால் உறைந்துபோவதாலும், தடுமாறும்போது உடல் தானாகச் சமாளிக்கும் சமநிலை அனிச்சை பழுதானதாலும் வருவது. ஒரே ஆளுக்கு இரண்டும் இருக்கலாம். அதனால்தான் மருத்துவரிடம் "விழுந்துவிட்டார்" என்று மட்டும் சொன்னால் போதாது. எப்போது, என்ன செய்துகொண்டிருந்தபோது என்பதையும் சொல்ல வேண்டும்.

சோதனைக்குப் பெரிய கருவி வேண்டாம். ஐந்து நிமிடம் படுக்கவைத்து அழுத்தத்தையும் நாடியையும் குறித்துக்கொள்ள வேண்டும். எழுந்து நின்றபின் 1ஆம், 3ஆம் நிமிடங்களில் மறுபடி பார்க்க வேண்டும். பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ள நிற்பது அவசியம். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் அது கோளாறு. உடலில் நீர் வற்றியதால் அழுத்தம் சரிந்தால் நாடி படபடவென ஏறும். நரம்பு பழுதானால் மேல் அளவு 30 குறைந்தும் நாடி 15கூட ஏறாது. உட்காரவைத்தே அழுத்தம் பார்த்து அனுப்பும் வழக்கத்தில் இது பிடிபடவே பிடிபடாது என்பது என் நெடுநாள் மனக்குறை.

மாத்திரைகளும் இதில் கைவைக்கின்றன. நோய்க்குத் தரும் லெவோடோபாவே அழுத்தத்தைக் குறைக்கக்கூடியது. கூடவே ரத்த அழுத்த மாத்திரை, புராஸ்டேட் மாத்திரை என்று சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். தானாக எதையும் நிறுத்தக் கூடாது; எல்லாச் சீட்டுகளையும் ஒரே மருத்துவரிடம் காட்டலாம். பூனைக்காலி விதையிலும் லெவோடோபா இருக்கிறது. "நாட்டு மருந்துதானே" என்று அதைச் சேர்த்துச் சாப்பிடுகிறவர்கள் அதையும் சொல்லியாக வேண்டும்.

எழுவதற்கு முன் கணுக்காலை ஆட்டுவது, கட்டில் விளிம்பில் சற்று உட்கார்ந்திருப்பது, வயிற்றுப் பட்டை, சிறுசிறு வேளையாகச் சாப்பிடுவது எல்லாம் உதவும். அரை லிட்டர் தண்ணீரை வேகமாகக் குடித்தால் சில நிமிடங்களில் அழுத்தம் ஏறுகிறது. இதய, சிறுநீரக நோயாளிகள் கேட்டுக்கொண்டு செய்ய வேண்டும். நிற்கும்போது அழுத்தம் சரிகிற இதே ஆட்களுக்குப் படுத்திருக்கும்போது அழுத்தம் எகிறுவதும் உண்டு. அப்போது சிறுநீரகம் இரவெல்லாம் நீரை வெளியேற்ற, விடியற்காலையில் அழுத்தம் இன்னும் தாழ்ந்துவிடும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தச் சொல்வது இதற்காகத்தான். தலையணையை அடுக்கினால் கழுத்துதான் மடங்கும்.