தற்குறி: சொல்லும் அதன் எதிர்ச்சொல்லும்

எழுதப் படிக்கத் தெரியாதவரைக் குறிக்கும் வசைச்சொல்லாக இன்று வழங்கும் ‘தற்குறி’, முதலில் ஆளைக் குறித்த சொல்லே அன்று. தன் + குறி என்பது தற்கொலை, தற்காப்பு போலப் புணர்ந்து, கையெழுத்திட அறியாதவர் ஆவணத்தில் தம் கையால் இடும் அடையாளத்தைக் குறித்தது. பழைய பத்திரங்களின் அடியில் ஒரு கீறலோ கூட்டல் குறியோ கோணலாக நிற்க, அது இன்னாருடைய தற்குறி என்று பத்திரம் எழுதியவரே பக்கத்தில் எழுதியிருப்பார். ஒருவர் இட்ட குறிக்கு எழுத்தறிந்த மற்றொருவர் சான்றளிப்பதைக் கல்வெட்டுகள் ‘தற்குறி மாட்டெறிதல்’ என்கின்றன. குறியின் பெயர் குறியிட்டவருக்கு ஆகிவந்தது பின்னர்தான். இலக்கணத்தில் இது ஆகுபெயர். ‘கைநாட்டு’ என்ற சொல்லும் இவ்வாறே பெருவிரல் ரேகையிலிருந்து ஆளுக்குத் தாவியது. (தற்குறிப்பேற்ற அணிக்கும் இதற்கும் தொடர்பில்லை, அது தன் குறிப்பை ஏற்றுவது.)

இதே பொருளில் வழங்கிய வடசொல் ‘நிரட்சரகுட்சி’. அட்சரம் எழுத்து, குட்சி வயிறு. வயிற்றில் ஓர் எழுத்தும் இல்லாதவர் என்பது பொருள். ஏளனம் இச்சொல்லின் பிறப்பிலேயே இருக்கிறது. தற்குறியில் அது இல்லை; அது பத்திரத்தில் இட்ட அடையாளத்தின் பெயர் மட்டுமே. பட்டம் பெற்றவர்களையே சமூக ஊடகங்களில் தற்குறி என்று ஏசுவது, சொல்லின் பொருளறியாத வழக்கு.

தற்குறிக்கு எதிர்ச்சொல் ‘படித்தவர்’ என்று பலரும் கருதுவர். அது பள்ளியையும் பட்டத்தையும் நினைவூட்டுவது. ‘கற்றவர்’ என்பதோ புலமையைச் சுட்டுவது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 7 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில், ஏதேனும் ஒரு மொழியைப் புரிதலோடு எழுதவும் படிக்கவும் தெரிந்தவரையே ஆங்கிலத்தில் ‘literate’ எனக் கணக்கில் கொள்கிறது. பள்ளிக்குப் போயிருக்க வேண்டும் என்பதில்லை, ஆனால் படிக்க மட்டும் தெரிந்து எழுதத் தெரியாதவர் அதில் சேரமாட்டார். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் அவ்வாறு தேறியவர்கள் சுமார் 80 விழுக்காட்டினர். இவர்களுக்குப் பொருந்தும் தமிழ்ச்சொல் ‘எழுத்தறிந்தவர்’ என்பதே.

தம் பெயரின் வடிவத்தை மட்டும் கோலம் போல மனப்பாடம் செய்து, வங்கிப் படிவத்தில் நிதானமாக வரைந்து கொடுப்பவர்கள் உண்டு. பெருவிரலில் மை படாவிட்டாலும், பக்கத்து வரியைப் படிக்க இயலாத அவர் இடுவது, சொல்லின் பழைய பொருளில், தற்குறியே.