உதட்டை மட்டும்தான் அசைப்பேன்

இருபது வருடங்களுக்கு மேலாக ஆலயப் பாடகர் குழுக்களுக்குப் பயிற்சி கொடுத்து வருகிறேன். இந்த வேலையில் என்னை மிகவும் வருத்திய பேச்சு ஒரு வயதான அம்மாவுடையது. ஆராதனை முடிந்து பாட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து, “தம்பி, நான் சத்தம் வெளியே விடமாட்டேன். உதட்டை மட்டும்தான் அசைப்பேன்” என்றார். பத்து வயதில் யாரோ அவரிடம், ‘உன் குரல் சேரவில்லை, சும்மா வாயை அசை’ என்று சொல்லியிருக்கிறார்கள். அறுபது வருடமாக அதற்குக் கீழ்ப்படிந்திருக்கிறார்.

அடுத்த வாரம் அவரை உட்காரவைத்து, பாட்டின் முதல் வரியைப் பேசச் சொன்னேன். பிறகு அதே வரியை இழுத்துச் சொல்லச் சொன்னேன். அவர் குரல் தானாக நின்ற இடத்தில் கீபோர்டைத் தொட்டுப் பார்த்தால், நாங்கள் வழக்கமாக எடுக்கும் சுருதியைவிட இரண்டு கட்டை கீழே இருந்தது. அங்கிருந்து முழுப் பல்லவியையும் சரியாகவே பாடினார். அவரிடம் ஒரு குறையும் இல்லை. நாங்கள்தான் எட்டாத உயரத்தில் பாட்டை வைத்திருந்தோம்.

இது பல சபைகளில் நடக்கிறது. பதிவு செய்த பாடலின் சுருதியை அப்படியே எடுத்துக்கொள்கிறோம். அது ஒரு தேர்ந்த பாடகரின் குரலுக்கு அமைந்தது. வயதானவர்களுக்கும், குரல் உடையும் பருவத்துப் பையன்களுக்கும், காலையில் தொண்டை திறக்காதவர்களுக்கும் அது ஒத்துவராது. நான் முதலில் பார்ப்பது பாட்டின் உச்ச ஸ்வரத்தை. பெண்களுக்கு அது கீபோர்டின் நடு ‘சி’க்கு அடுத்த ஸ்தாயியில் வரும் ‘டி’யைத் தாண்டினால், சபையில் பலர் நிறுத்திவிடுவார்கள். ஆண்களுக்கும் அதே கணக்குதான், ஒரு ஸ்தாயி கீழே.

அப்புறம் ஸ்பீக்கர். தன் குரலும் பக்கத்தில் நிற்பவர் குரலும் காதில் விழாவிட்டால், மனிதர்கள் கத்துவார்கள், இல்லையென்றால் வாயை மூடிக்கொள்வார்கள். ஒரு சரணத்துக்காவது மைக்கை இறக்கி, வாத்தியங்களை நிறுத்திப் பாருங்கள்.

வேதாகமத்தின் நூறாம் சங்கீதம் நன்றிப் பாட்டு. அதன் முதல் வரியே ‘எல்லாரும்’ பாடுங்கள் என்கிறது; நல்ல குரல் உள்ளவர்கள் என்று பிரிக்கவில்லை. கடைசி இராப்போஜனம் முடிந்ததும் இயேசுவும் சீஷர்களும் ஸ்தோத்திரப் பாட்டைப் பாடிவிட்டுத்தான் ஒலிவமலைக்குப் போனார்கள் என்று மத்தேயு எழுதுகிறார். அவர்களில் யாருக்குச் சாரீரம் நன்றாக இருந்தது என்று அவர் சொல்லவில்லை. ஆனால் நான்காம் நூற்றாண்டில் இன்றைய துருக்கியில் இருந்த லவோதிக்கேயாவில் கூடிய திருச்சபைத் தலைவர்களின் சங்கம், நியமிக்கப்பட்ட பாடகர்களைத் தவிர வேறு யாரும் ஆலயத்தில் பாடக் கூடாது என்று விதி எழுதியது. 1524-இல் சபையார் பாடுவதற்காக 8 பாடல்களோடு ஒரு சிறு புத்தகம் வந்தது; அதில் பாதி, திருச்சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூதருடையவை. சபையின் வாயை மூடுவதும் திறப்பதும் பழைய கதை. இன்று விதி எழுதாமலேயே மூடிவிடுகிறோம் என்பதுதான் என் கவலை.

பயபக்தி என்றால் மெதுவாகப் பாடுவது என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அது வார்த்தையில் இருக்கிறது. பாடப்படும் பொருளைவிடப் பாட்டே தன்னை அதிகம் அசைத்துவிட்டால் அதைப் பாவமாக அறிக்கையிடுகிறேன் என்று பழங்காலத் திருச்சபையின் ஆயர் அகஸ்டின் எழுதியிருக்கிறார். பயிற்சியில் எங்கள் குழுவைப் பாடவிடாமல் முதலில் வரிகளை வாசிக்கச் சொல்வேன். எதற்காக நன்றி சொல்கிறோம் என்று தெரிந்தபின், மூச்சு எங்கே எடுப்பது என்பது பாதி தானாக அமைந்துவிடும்.

சுருதியே பிடிபடாதவர்களும் இருக்கிறார்கள், ஆனால் மிகச் சிலர். அவர்களை உறுதியாகப் பாடும் ஒருவர் பக்கத்தில் நிறுத்துங்கள். திரும்பிப் பார்க்காதீர்கள்.

அந்த அம்மா இப்போது ஸ்பீக்கருக்குத் தள்ளி, ஆறாவது வரிசையில் உட்காருகிறார். மேல் ஸ்வரங்கள் வரும்போது நிறுத்திவிட்டு, பாட்டு கீழே இறங்கியதும் சேர்ந்துகொள்கிறார். இன்னும் அரைக் கட்டை இறக்கலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.