ஹோம்லேண்ட் செக்யூரிட்டியில் மேற்படிப்பா? சேரும் முன் கொஞ்சம் பேசுவோம்

அமெரிக்காவில் ஒரு மருத்துவமனைக் குழுமத்தின் பேரிடர் ஆயத்தப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அதனாலேயே எந்த விசேஷத்துக்குப் போனாலும் இலையில் சாதம் விழுவதற்குள் யாராவது கேட்டுவிடுவார்கள்: "பையன் ஹோம்லேண்ட் செக்யூரிட்டியில் மாஸ்டர்ஸ் பண்றேங்கிறான், ஸ்கோப் இருக்கா?" ஸ்கோப் இருக்கிறது, ஆனால் அந்தப் பையனுக்கு இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

2001 செப்டம்பர் தாக்குதலுக்கு முன்னால் இப்படி ஒரு பட்டப்படிப்பைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. அடுத்த ஆண்டு சட்டம் வந்து, 2003 மார்ச்சில் 22 அரசு அமைப்புகளை ஹோம்லேண்ட் செக்யூரிட்டி, அதாவது உள்நாட்டுப் பாதுகாப்பு, என்ற ஒரே துறையாக்கினார்கள். சுங்கம், குடியேற்றம், கடலோரக் காவல், விமான நிலையச் சோதனை, புயல் வெள்ளத்துக்கு ஓடிவரும் ஃபெமா எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ் வந்தன. பாடத்திட்டமும் அதே கலவைதான். பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஒரு கல்லூரி மட்டுமல்ல, பல கல்லூரிகள் சேர்ந்து இதை நடத்துகின்றன; பயங்கரவாத எதிர்ப்பு, பொது சுகாதாரம், உணவு மற்றும் வேளாண் பாதுகாப்பு, புவியிடத் தகவல் என்று கிளை பிரியும்.

எதற்கு இத்தனையையும் ஒன்றாகப் படிக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் 2001-இல் ஆந்த்ராக்ஸ் என்ற கொடிய நோய்க்கிருமியின் பொடியை உள்ளே வைத்து அனுப்பிய கடிதங்களைத்தான் சொல்வேன். அக்டோபர் 15 அன்று செனட்டர் டாம் டாஷ்லின் அலுவலகத்தில் ஒரு கடிதத்தைப் பிரித்தார்கள், பொடி பறந்தது, அங்கே இருந்தவர்களுக்கு உடனே மருந்து கொடுத்தார்கள். அந்தக் கடிதம் வந்த வழியில் இருந்த வாஷிங்டனின் பிரென்ட்வுட் அஞ்சல் மையம் மட்டும் 21-ஆம் தேதி வரை இயங்கிக்கொண்டே இருந்தது. ஒட்டிய உறையிலிருந்து கிருமி வெளியே வராது என்ற நினைப்பு. ஆனால் கடிதங்களை வகை பிரிக்கும் எந்திரம் உறைகளை அழுத்தித் தள்ளுகிற எந்திரம், அதைச் சுத்தம் செய்ய அப்போதெல்லாம் அழுத்தக் காற்றை அடிப்பார்கள், உள்ளே இருக்கும் தூசி அப்படியே கிளம்பும். அந்த மையத்தில் இரண்டு ஊழியர்கள் இறந்தார்கள். நாடு முழுவதும் 5 பேர் இறந்தார்கள், 17 பேர் நோயுற்றார்கள். நோய் தெரிந்தவருக்கு எந்திரம் தெரியாது, எந்திரம் தெரிந்தவரை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. இந்த இரண்டு பேரையும் முன்கூட்டியே ஒரே மேசையில் உட்கார வைப்பதுதான் இந்தப் படிப்பின் மொத்த நோக்கமும்.

எங்கள் ஒத்திகைகளிலும் இதைப் பார்க்கிறேன். கணினிகளை ஹேக்கர்கள் பூட்டிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஐடி ஆள் எல்லா இணைப்பையும் துண்டிக்கச் சொல்வார், மருந்தாளர் மருந்து அலமாரியே அந்த நெட்வொர்க்கில்தான் திறக்கும் என்பார், அப்புறம் சமையலறையிலிருந்து வந்த அம்மா மெதுவாக, "எந்தப் பேஷண்ட்டுக்கு வேர்க்கடலை ஆகாதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்பார். அறையே கொஞ்ச நேரம் அமைதியாகிவிடும்.

ஆகவே கையில் ஏற்கெனவே ஒரு தொழில் இருப்பவருக்குத்தான் இது பலன் தரும் என்பது என் கணிப்பு. செவிலியர், தீயணைப்பு வீரர், நெட்வொர்க் பொறியாளர், கால்நடை மருத்துவர், யாராகவும் இருக்கலாம். கலிஃபோர்னியாவின் மாண்டரேயில் உள்ள கடற்படை முதுநிலைக் கல்லூரியின் 18 மாதப் படிப்பில் பெரும்பாலும் அரசுப் பணியில் இருப்பவர்களைத்தான் சேர்க்கிறார்கள். தேர்வானவர்களுக்குக் கல்விக் கட்டணம் கிடையாது, வேலையை விடவும் வேண்டாம். இளநிலை முடித்த கையோடு, ஒரு நாள்கூட வேலை பார்க்காமல் இதில் சேருபவர் எல்லாவற்றிலும் கொஞ்சம் தெரிந்தவராக வெளியே வருவார். நேர்முகத் தேர்வில் அது எடுபடாது.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ மாணவர் விசாவில் வர நினைப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். இந்தப் படிப்புகளில் நிறைய முழுக்க ஆன்லைனில்தான் நடக்கின்றன. எஃப்-1 என்ற அந்த மாணவர் விசாவில் முழுநேரப் படிப்புக் கணக்கில் ஒரு பருவத்துக்கு ஒரே ஒரு ஆன்லைன் பாடம்தான் சேரும், ஆகவே அதற்கு விசாவே கிடைக்காது. நேரில் நடக்கும் படிப்பாக இருந்தாலும், மத்திய அரசு வேலைகள் பெரும்பாலும் குடியுரிமை உள்ளவர்களுக்குத்தான். செக்யூரிட்டி கிளியரன்ஸ், அதாவது அரசு ரகசியங்களைக் கையாளும் அனுமதி, கிரீன் கார்டுக்குக்கூடக் கிடையாது, அதை நாமாக விண்ணப்பிக்கவும் முடியாது, வேலை தருபவர்தான் முன்னெடுக்க வேண்டும். கல்லூரி விளம்பரங்களில் இதெல்லாம் சின்ன எழுத்தில்கூட இருப்பதில்லை.

குடியுரிமை இருக்கிறதா, சரி, அடுத்தது கிளியரன்ஸுக்கான எஸ்எஃப்-86 படிவம். பத்து வருடம் எங்கெல்லாம் குடியிருந்தோம், எங்கே வேலை பார்த்தோம், கோயம்புத்தூரிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கும் அப்பா அம்மா, கூடப்பிறந்தவர்கள், மாமனார் மாமியார் வரை எழுத வேண்டும். வெளிநாட்டில் சொந்தம் இருந்தாலே கதவை மூடிவிட மாட்டார்கள், மறைத்தால்தான் பெரிய தலைவலி.

கிளியரன்ஸ் தேவைப்படாத வேலைகளும் உண்டு, நான் பார்ப்பதே அதில் ஒன்று. முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரிடம் பணம் வாங்கும் மருத்துவமனைகள் பேரிடர்த் திட்டம் வைத்திருக்க வேண்டும், ஒத்திகையும் நடத்த வேண்டும் என்ற விதி 2017 நவம்பரிலிருந்து அமலில் இருக்கிறது. மின்சார நிறுவனங்கள், வங்கிகள், மாவட்ட நிர்வாகங்களிலும் இந்த வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள்.

கட்டணம் கட்டும் முன் கல்லூரியிடம் ஒன்று கேளுங்கள்: போன வருட வகுப்பில் யார் யார் இருந்தார்கள், என்ன வேலையிலிருந்து வந்தார்கள்? மழுப்பினால் அடுத்த கல்லூரியைப் பாருங்கள். அமெரிக்காவிலேயே இருப்பவர் என்றால், ஃபெமாவின் ஐஎஸ்-100, ஐஎஸ்-700 என்ற பேரிடர் மேலாண்மை அடிப்படைப் பாடங்கள் இரண்டும் இலவசம், வீட்டிலிருந்தே படிக்கலாம், சில மணி நேர வேலைதான். பாதியில் தூக்கம் வந்தால் பல ஆயிரம் டாலர் மிச்சம்.