ஓட்டுக்கும் பர்ஸுக்கும் இடையே ஒரு வகுத்தல் கணக்கு

"ஒரு கட்சி ஜெயித்தால் எனக்கு வரி குறையும். ஆனால் இன்னொரு கட்சி சொல்வதுதான் நியாயமாகப் படுகிறது. நியாயத்துக்கு ஓட்டுப் போட்டால் நான் ஏமாளியா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஏமாளி இல்லை. இதை நீதிபோதனையாகச் சொல்லவில்லை, இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது.

உங்கள் ஒரு ஓட்டால் முடிவு மாறினால்தான் அந்த ஓட்டிலிருந்து உங்களுக்கு லாபம். அதற்கான நிகழ்தகவு மிகவும் குறைவு என்பதை 1957லேயே அந்தோனி டவுன்ஸ் என்ற பொருளியல் அறிஞர் எடுத்துக்காட்டிவிட்டார். எவ்வளவு குறைவு? 2008 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு ஆண்ட்ரூ கெல்மன், நேட் சில்வர், ஆரன் எட்லின் மூவரும் கணக்கிட்டபோது சராசரியாக ஆறு கோடியில் ஒன்று என்று வந்தது. இழுபறியாக இருந்த ஒருசில மாநிலங்களில் மட்டும் ஒரு கோடியில் ஒன்று.

சரி, வரி குறைந்து உங்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் மிச்சமாகும் என்று வைத்துக்கொள்வோம். அதை ஆறு கோடியால் வகுங்கள். ஒரு ரூபாயை அறுநூறு துண்டாக்கினால் ஒரு துண்டு. நியாயத்துக்கு ஓட்டுப் போட்டதால் நீங்கள் இழந்தது அவ்வளவுதான்!

இதோடு நிறுத்தினால் 'அப்புறம் ஓட்டுப் போடவே எதற்குப் போக வேண்டும்' என்ற கேள்வி வரும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதற்கு அடுத்துதான். நீங்கள் நியாயம் என்று நினைக்கும் கட்சியால் ஒவ்வொருவருக்கும் வெறும் நூறு ரூபாய் மதிப்புள்ள நன்மை வரும் என்று கொள்வோம். முப்பது கோடிப் பேர் உள்ள நாட்டில் மொத்தம் மூவாயிரம் கோடி. ஆறு கோடியால் வகுத்தாலும் ஐந்நூறு மிஞ்சுகிறது. முன்பின் தெரியாதவரின் நலனை உங்கள் நலனில் நூறில் ஒரு பங்காகத்தான் மதிப்பீர்கள் என்றாலும் கையில் ஐந்து நிற்கும், அதாவது சொந்த லாபத்தைப் போல மூவாயிரம் மடங்கு. நாடு பெரிதாகப் பெரிதாக உங்கள் ஓட்டின் பலம் குறைகிறது, ஆனால் அதே அளவுக்கு அந்த ஓட்டு தொடும் ஆட்களின் எண்ணிக்கை கூடுகிறது, இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடுகின்றன. சுயநலத்தைத் தாங்கிப்பிடிக்க மட்டும் அப்படி எதுவும் இல்லை, அது தேய்ந்துகொண்டே போகிறது. கெல்மன், எட்லின், நோவா கேப்லன் மூவரும் 2007ல் இதை விரிவாக எழுதினார்கள். அதைப் படித்த அன்று இரவு தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டு விளக்கினேன், பாதிப் பேர் நடுவிலேயே வைத்துவிட்டார்கள்.

நிஜ மனிதர்கள் இப்படி நடக்கிறார்களா? அமெரிக்காவில் 1948 முதல் தேர்தல்தோறும் வாக்காளர்களிடம் விரிவாகக் கேள்வி கேட்டுப் பதிந்துவருகிறார்கள். அந்தத் தரவைப் பார்த்த டொனால்ட் கிண்டரும் ரோடரிக் கீவியட்டும், மக்கள் தங்கள் பர்ஸைவிட நாட்டின் பொருளாதாரம் எப்படி இருக்கிறது என்பதைப் பார்த்தே அதிகம் ஓட்டுப் போடுகிறார்கள் என்று 1979லேயே காட்டினார்கள். (கேட்ட கேள்வியையே எழுபது வருடமாகக் கேட்பதற்கு எதற்குப் பணம் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டால்தானே மாற்றம் தெரியும்?)

இதற்கு ஒரு இருண்ட பக்கமும் இருக்கிறது. நியாயத்தின் விலை ஒரு ரூபாயில் அறுநூறில் ஒன்று என்றால் வெறுப்பின் விலையும் அதேதான். தன் பணத்தைச் செலவழித்து யாரையும் துன்புறுத்தத் துணியாத ஒருவர், வாக்குச்சாவடியில் அதை ஏறக்குறைய இலவசமாகச் செய்துவிடலாம். ஜெஃப்ரி பிரென்னனும் லோரன் லோமாஸ்கியும் 1993ல் இதைத்தான் எச்சரித்தார்கள்.

தராசின் ஒரு தட்டில் கொள்கை, மறு தட்டில் பணம் என்று நாம் நினைப்பதிலும் ஒரு கோளாறு உண்டு. ரொனால்ட் ரீகன் அதிபராவதற்கு முன் 1980ல் 13.5 சதவீதமாக இருந்த அமெரிக்கப் பணவீக்கம், அவர் ஆட்சியில் 1988ல் 4.1 ஆக இறங்கியது. ஆனால் 1988ல் கேட்டபோது, எதிர்க்கட்சியின் தீவிர ஆதரவாளர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பணவீக்கம் மோசமாகிவிட்டது என்றார்கள். இதை லாரி பார்டெல்ஸ் என்ற அரசியல் அறிஞர் எடுத்துக்காட்டினார். பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை, கட்சிப்பற்று என்ற கண்ணாடி வழியாக அவர்களுக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும்.

அதனால் வாசகரிடம் எனக்கு ஒரு கேள்வி: அந்த வரி குறையும் என்று உங்களுக்கு யார் சொன்னது?