கார்டைச் சேமிக்கவா என்று ஆப் கேட்டால்: டோக்கன் விதி ஒரு விளக்கம்

ஆப்பில் கார்டு மூலம் பணம் கட்டும்போது, 'ரிசர்வ் வங்கி விதிப்படி இந்தக் கார்டைச் சேமிக்கவும்' என்று ஒரு வரியும் பக்கத்தில் ஒரு டிக் பெட்டியும் வரும். அதற்குப் பின்னால் இருப்பது டோக்கன் முறை. 2022 அக்டோபர் 1 முதல், இந்தியாவில் கடைக்காரரோ, பணத்தை வாங்கிக் கடைக்குச் சேர்க்கும் இடைநிலை நிறுவனமான பேமென்ட் கேட்வேயோ உங்கள் கார்டு எண்ணைச் சேமித்து வைக்க முடியாது. கார்டு கொடுத்த வங்கியும், விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற நெட்வொர்க்குகளும் மட்டும் வைத்திருக்கலாம். இதற்கான கெடு 2021 டிசம்பர் 31 என்றார்கள், பிறகு 2022 ஜூன் 30, கடைசியில் செப்டம்பர் 30. இப்படி இழுத்து இழுத்துத்தான் விதி நடைமுறைக்கு வந்தது.

எண்ணுக்குப் பதிலாகக் கடைக்குக் கிடைப்பது டோக்கன் என்ற மாற்றுக் குறியீடு. கோயில் வாசலில் செருப்பு விட்டால் ஒரு டோக்கன் தருவார்களே, அதுபோல இதுவும் கொடுத்த இடத்தில் மட்டும்தான் செல்லும். ஒரே கார்டை இரண்டு ஆப்களில் சேமித்தால் இரண்டு தனித்தனி டோக்கன்கள். ஒரு கடையின் தகவல் திருடு போனாலும் அந்த டோக்கனை வைத்து வேறு கடையில் எதுவும் வாங்க முடியாது. இதற்கு வாடிக்கையாளரிடம் கட்டணம் வாங்கக் கூடாது. கட்டாயமும் இல்லை, வேண்டாம் என்றால் ஒவ்வொரு முறையும் எண்ணைத் தட்டிக் கொள்ளலாம்.

சம்மதம் பற்றி விதி கறாராக இருக்கிறது. ஏற்கெனவே டிக் போட்டு வைத்த பெட்டி சம்மதம் ஆகாது. வாடிக்கையாளர் தானே டிக் போட வேண்டும், ஓடிபி போன்ற கூடுதல் சரிபார்ப்பும் நடக்க வேண்டும். அந்த நேரத்திலேயே பணமும் கட்டினால், இரண்டுக்கும் ஒரே ஓடிபி போதும். ஆப் வடிவமைப்பவர்களுக்கு இங்கேதான் கை அரிக்கும்: 'டிக் போட்டே காட்டினால் நிறையப் பேர் சேமிப்பார்களே' என்று. செய்யாதீர்கள்.

ஃப்ளட்டர், ரியாக்ட் நேட்டிவ் போன்ற கருவிகளில் ஆப் எழுதுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கார்டு எண் பெட்டியை நாமே வரைந்து, எண்ணை நம் சர்வருக்கு அனுப்பி, அங்கிருந்து கேட்வேக்குத் தள்ளுவது வம்பை விலைக்கு வாங்குவது. டேட்டாபேஸில் சேமிக்காவிட்டாலும், சோதனைக்காக எழுதிய ஒரு பிரிண்ட் வரி முழு எண்ணையும் லாகில் (நிரல் ஓடும்போது எழுதும் பதிவேட்டில்) கொட்டிவிடும். ஆப் நின்றுபோனால் போகும் பிழை அறிக்கையிலும் அது ஒட்டிக்கொண்டு போகலாம். கேட்வே தரும் எஸ்டிகே-யின் (ஆப்பில் சேர்த்துக்கொள்ளும் தயார் நிரல் தொகுப்பின்) கார்டு திரையையே ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் இரண்டிலும் பயன்படுத்துங்கள். எண் நேராக அவர்களிடம் போகும், நமக்கு டோக்கனின் அடையாளம் மட்டும் திரும்பி வரும். கணக்குச் சரிபார்க்க, கார்டின் கடைசி நான்கு இலக்கங்களையும் வங்கியின் பெயரையும் வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. 'சேமித்த கார்டுகள்' திரையில் காட்ட அது போதும். அந்தத் திரையில் நீக்கும் பட்டனும் இருக்க வேண்டும்; டோக்கனை ரத்து செய்யும் வசதியைக் கடையும் தர வேண்டும் என்பது விதி. பட்டனை அழுத்தினால் நம் பட்டியலிலிருந்து வரி மறைந்தால் மட்டும் போதாது, டோக்கனே ரத்தாக வேண்டும்.

கார்டு காலாவதியாகிப் புதியது வந்தால், பழைய கடைகளோடு அதை இணைக்கலாமா என்று வங்கி உங்களைக் கேட்க வேண்டும். நீங்கள் சம்மதிக்காவிட்டால் பழைய டோக்கன் அங்கே வேலை செய்யாது. ஆப்பில் இந்த இடத்துக்கு ஒரு தெளிவான செய்தி வையுங்கள்; 'பிழை ஏற்பட்டது' என்று மொட்டையாகச் சொன்னால் வாடிக்கையாளர் பணம் போய்விட்டதோ என்று பதறுவார்.

எந்தெந்தக் கடையில் உங்கள் கார்டுக்கு டோக்கன் இருக்கிறது என்று மறந்துவிட்டதா? சரி, கார்டு கொடுத்த வங்கியின் ஆப்பிலோ நெட் பேங்கிங்கிலோ பாருங்கள். அந்தப் பட்டியலைக் காட்டுவதும், வேண்டாததை நீக்க விடுவதும் வங்கியின் பொறுப்பு. 2023 டிசம்பரில் வந்த அறிவிப்புக்குப் பிறகு, பல கடைகளுக்கான டோக்கன்களை வங்கி வழியாகவே ஒரே நேரத்தில் உருவாக்கிக்கொள்ளவும் வழி இருக்கிறது. கார்டு தொலைந்தாலோ டோக்கனில் சந்தேகம் வந்தாலோ, புகாரையும் அதே வங்கியிடம்தான் கொடுக்க வேண்டும்.